போர்வைக்கு யார் சட்டை போட்டது?

காலை பதினொன்றே கால். அரங்கின் பெரிய திரையில் முதல் ஆட்டத்தின் முடிவு வந்துவிட்டது. தோற்ற அணியின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் மடியில் கிடந்த விளையாட்டுக் கருவியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ கை வெச்சிருக்காங்கக்கா," என்றாள்.

பெரியவள் காவல்துறை ஆய்வாளர், குற்றப் பிரிவு. தங்கை விளையாடுவதைப் பார்க்க விடுப்பு போட்டு வந்திருந்தாள். விடுப்பிலும் விடாது போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டாலும், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இதுல அ, ஆ கூடத் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லு."

விஷயம் இதுதான். திரையில் பிராணிகளை மோதவிடும் விளையாட்டு. அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பிராணி. சின்னவளின் கணவர் வெல்டர். அவருடைய பிராணியின் பெயர் சூளை. நெருப்பைக் கக்கும், ஆனால் பலமாக ஒரு அடி விழுந்தால் சுருண்டுவிடும். சின்னவளுடையது போர்வை. ஆமைக்கு யானைக் காது ஒட்டவைத்த மாதிரி, முதுகெல்லாம் பாசி படர்ந்த ஒரு குண்டுப் பிராணி. அது சண்டை போடாது. சூளைக்கு முன்னால் போய் நின்று வருகிற அடியை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும், சூளையின் காயத்தை ஆற்றும், எதிரியின் காலைக் கட்டும். முட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தாக்குதல். அதையும் சின்னவள் பயன்படுத்தியதே இல்லை.

ஒவ்வொரு பிராணியும் ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்ளலாம். போர்வையிடம் எப்போதும் ஒத்தடப் பை இருக்கும். பட்ட அடியில் கொஞ்சத்தை அது ஆற்றிவிடும்.

"இன்னிக்கு ஆட்டம் ஆரம்பிச்சு, முன்னாடி போய் நில்லுன்னு அழுத்தறேன். முடியாதுன்னு வருது. காயத்தை ஆத்துன்னா அதுவும் முடியாதாம். சூளை அடிபட்டு விழற வரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியலை. அப்புறம் பாத்தா ஒத்தடப் பை இல்லை. போர்வைக்கு யாரோ இரும்புநூல் சட்டை போட்டு விட்டிருக்காங்க."

"கழட்டிடேன்."

"காலையில வந்ததும் எதையும் பாக்காம அணியைப் பூட்டிட்டேன். போட்டி முடியற வரைக்கும் எதையும் மாத்த முடியாது. அரை மணியில ரெண்டாவது ஆட்டம். அதுவும் போனா அவ்வளவுதான்."

"கோப்பைதானே. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்."

"கோப்பை கிடக்குதுக்கா." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். ராத்திரி வேலை. கணவருக்குப் பகல் வேலை. "அவர் வந்து நான் கிளம்பறதுக்கு நடுவுல ஒரு மணி நேரம். அதுல நாங்க சேர்ந்து ஆடறது ஒண்ணுதான். எங்களுக்குக் குடும்பம்னு இருக்கறதே அந்த ஒரு மணி நேரம். இது அவர் வேலையா இருந்தா, இனிமே அவர் பக்கத்துல உக்காந்து என்னால ஆட முடியாது."

"அவரா இருக்கும்னு ஏன் தோணுது?"

"இறுதிச் சுத்துக்கு அடிக்கற பிராணியா கொண்டு வான்னு நச்சரிச்சார். நான் மாட்டேன்னுட்டேன். நேத்து நான் வேலைக்குப் போனதுலேர்ந்து கருவி வீட்லதான் இருந்தது. காலையில அவர்தான் எடுத்துட்டு வந்தார். நான் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்துட்டேன். இதைப் பாரு, எழுத்தைக்கூடப் பெருசாக்கி வெச்சிருக்கார். பத்த வெச்சுப் பத்த வெச்சுக் கண்ணு எரியுதுன்னு ரெண்டு நாளா ஒரே புலம்பல்."

பெரியவள் கருவியை வாங்கினாள். எழுத்துகள் சுவரொட்டி மாதிரி பெரிதாக இருந்தன. சட்டையைப் பற்றிய விவரத்தைத் திறந்தாள். ‘விழும் அடியைப் பாதியாகக் குறைக்கும்’ என்று மட்டும் கட்டத்தை நிறைத்துக்கொண்டு தெரிந்தது.

"கீழ தள்ளுக்கா. இன்னும் இருக்கு."

தள்ளினாள். ‘அணிந்திருக்கும்வரை தாக்குதலைத் தவிர வேறு எதுவும் செய்ய இயலாது.’

"இந்தச் சட்டை உங்கிட்ட முன்னாடியே இருந்ததா?"

"இல்லை. விளையாட்டுக்குள்ள இருக்கற கடையிலேயே ஒசத்தியான சட்டை இதுதான். அதுக்குள்ளேயே எங்களுக்கு ஒரு தோட்டம் இருக்கு, அதுல ஒரு பழம் பாக்கியில்லை, எல்லாத்தையும் வித்து வாங்கியிருக்கு. பாவம் அத்தை, தினமும் மத்தியானம் உக்காந்து அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவாங்க."

"உன் மாமியார் ஆடுவாங்களா?"

"செடியோட சரி. நாங்க ஆடும்போது பின்னாடி வந்து உக்காருவாங்க, போர்வை மேல ஒரு அடி விழுந்ததும் முகத்தைச் சுளிச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. இந்தச் சண்டையே அவங்களுக்குப் பிடிக்காது."

பெரியவள் எழுந்தாள்.

பதினொன்றரை. வெல்டர் தண்ணீர்க் குழாயருகே நின்று, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேத்து கருவியைத் தொட்டீங்களா மாப்பிள்ளை?"

அவர் குழாயை மூடினார். "யாரா இருந்தா என்னக்கா. ஆட்டம்னா முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். விட்டுடுங்க."

பெரியவளுக்கு இந்தப் பதில் பழக்கமானது. குற்றம் செய்தவர்கள் நான் இல்லை என்பார்கள். விட்டுடுங்க என்பவர்கள் வேறு ரகம். யாரையோ காப்பாற்றப் பார்ப்பவர்கள்.

"உங்க கருவியைக் குடுங்க."

அதில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியாக இருந்தன. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எதிர் அணி ஒரு பல் டாக்டரும் அவர் தங்கையும். டாக்டர் கேள்விக்கே காத்திருக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். இரவல் வாங்கின சார்ஜரைத் திருப்பிக் குடுக்க. அவர் குளிச்சுட்டு வர்றவரைக்கும் நானும் மேசை மேல இருந்த அந்தக் கருவியும் மட்டும்தான். சந்தேகப்படணும்னா முதல்ல என்னைத்தான் படணும்."

"படட்டுமா?"

"தாராளமா. ஆனா ஒண்ணு. ஒரு வருஷமா அந்தப் போர்வையாலதான் தோத்திருக்கேன். அதை எப்படி மடக்கறதுன்னு பல்லுப் பிடுங்கும்போதுகூட யோசிச்சேன். அது கையைக் கட்டிட்டு நிக்கறப்ப ஜெயிச்சதுல என்ன ருசி இருக்கு? சப்புனு போச்சு."

மாமியார் வாசலுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். பள்ளிச் சீருடைகள் தைப்பவர். கை சும்மா இருக்காது. மகனுடைய மேல்சட்டையை மடியில் போட்டு, தளர்ந்த பித்தானை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலையாம்மா?"

"அடிக்கறதை எல்லாம் என்னால உக்காந்து பாக்க முடியாது தாயி. இந்த ஊசியைக் கொஞ்சம் கோத்துக் குடேன்."

பெரியவள் கோத்துக் கொடுத்தாள். மாமியார் பித்தானைத் தைக்கத் தொடங்கினார். ஒரு தையல்கூடக் கோணவில்லை. பெரியவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தங்கையையும் வெல்டரையும் டாக்டரையும் அந்தப் பெஞ்சுக்கே அழைத்து வந்தாள்.

"ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கு. சுருக்கமா சொல்றேன். ஒருத்தரைக் கெடுக்கணும்னு நினைக்கறவன் இருக்கறதைப் பிடுங்குவான். ஒத்தடப் பையை எடுத்துட்டுப் போனாலே போதும். தோட்டம் முழுக்க மொட்டையடிச்சு, கடைக்குப் போய், இருக்கறதுலேயே ஒசத்தியான சட்டையா வாங்கிப் போட்டு விடமாட்டான். அதனால டாக்டர் இல்லை."

"நன்றி," என்றார் டாக்டர்.

"அடிக்கற பிராணி வேணும்னு கேட்டவர் மாப்பிள்ளை. அவரா இருந்தா போர்வைக்குப் புதுசா ரெண்டு தாக்குதலைச் சொல்லிக் குடுத்திருப்பார். தெரிஞ்ச வித்தை எல்லாம் அப்படியே இருக்கு. அதோட, கண்ணு எரியுதுன்னு புலம்பறவர் தன்னோட கருவியில எழுத்தைப் பொடிசா வெச்சுக்கிட்டு, பொண்டாட்டி கருவியில ஏன் பெருசாக்கணும்?"

சின்னவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எழுத்தைப் பெருசாக்கினா, சட்டையைப் பத்தி முதல் வரி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அடி பாதியாக் குறையும். ரெண்டாவது வரி கீழ ஒளிஞ்சுக்கும். இதை வாங்கினவங்களுக்கு அந்த ரெண்டாவது வரி தெரியவே தெரியாது. போர்வை மேல பாசம். அது அடிபடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். தோட்டத்துக்கும் கடைக்கும் வழி தெரிஞ்சவங்க. பெரிய எழுத்து இல்லாமப் படிக்க முடியாதவங்க." பெரியவள் திரும்பினாள். "நாள் முழுக்கத் தைக்கறவங்க நீங்க. ஒரு ஊசி கோக்க எதுக்கும்மா என்கிட்ட குடுத்தீங்க?"

மாமியார் நூலைப் பல்லால் கடித்தார்.

"கண்ணாடி மேல உக்காந்துட்டேன். நேத்து. சொன்னா இவன் கத்துவான்."

"போர்வைக்குச் சட்டை?"

"நான்தான் போட்டேன். ஏன்?"

"அம்மா," என்றார் வெல்டர், "காலையிலேர்ந்து தலையைப் பிச்சுக்கறோம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருடா என்னைக் கேட்டீங்க? நீதானே நேத்துச் சொன்னே, நாளைக்கு முதல்ல அந்தப் போர்வையைத்தான் போட்டுச் சாத்துவாங்கன்னு. எனக்குத் தூக்கம் பிடிக்கலை. தினமும் அந்தப் பிள்ளை வெறும் உடம்போட போய் நின்னு அடி வாங்குது. ஊர்ல இருக்கற பிள்ளைங்களுக்கு எல்லாம் சட்டை தைக்கறேன், அதுக்கு ஒண்ணு போட்டு விட்டா என்ன குறைஞ்சு போச்சு?" அவர் மருமகளின் முகத்தைக் கவனித்தார். "எதாவது தப்பாப் போச்சா?"

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முதலில் கணவரிடம்தான் திரும்பினாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஆனா நீங்க ஏன் நான் இல்லைன்னு அக்காகிட்ட சொல்லலை?"

"நீயே புதுசா எதையோ முயற்சி பண்ணிச் சொதப்பிட்டேன்னு நினைச்சேன்," என்றார் வெல்டர். "நாலு பேர் முன்னாடி உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது.

இரண்டாவது ஆட்டத்தில் அவளுடைய நாற்காலி அவருடையதை ஒட்டிக் கிடந்தது. மாமியார் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறைப்பார் இல்லாத சூளை முடிந்த மட்டும் நெருப்பைக் கக்கிவிட்டுச் சுருண்டது. மிச்சம் போர்வை மட்டும். எதிரே இரண்டு பிராணிகள். முட்டத் தெரியாத முட்டாகப் போர்வை முட்டியது, அடி வாங்கியது, மறுபடியும் முட்டியது. மாமியார் இந்த முறை எழுந்து போகவில்லை. டாக்டர் ஒரு வருடம் போட்ட திட்டம் அத்தனையையும் இறக்கினார். போர்வை அசையவில்லை. நேரம் முடிந்தது. மிச்சம் நின்ற பிராணிகள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டாக்டர் அணி வென்றது.

"ஜெயிச்சாச்சா?" என்றார் மாமியார்.

"தோத்துட்டோம் அத்தை."

"பிள்ளை?"

சின்னவள் கருவியை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "நிக்குது, பாருங்க."

மாமியார் திரையில் அதன் பாசி முதுகைத் தடவினார். "சட்டை நல்ல சட்டைதான்."

"நல்ல சட்டைதான். ஆனா வீட்டுக்குப் போனதும் கழட்டிடுவேன்."

"கழட்டினா மறுபடியும் அடி படுமே."

"படும் அத்தை. அது முன்னாடி போய் நிக்கலேன்னா அந்த அடியெல்லாம் உங்க பையன் மேலதானே விழும்?"

மாமியார் மகனைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். இத்தனை மாதமாகப் பாதியிலேயே எழுந்து போனவர். அந்த அடியெல்லாம் யாருக்காக என்று அவர் யோசித்ததே இல்லை. மருமகளின் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டார்.

"ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு நேரா வந்திருக்கே. ஏதாவது சாப்பிட்டியா?" என்றார்.