எங்கள் வீட்டுக்கு வரும் வழி

வகுப்பில் இருபத்தொன்பது பேர். வலைப்பூவில் முப்பது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு டீச்சர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, எவனோ ஒரு வாலு இரண்டு பெயரில் எழுதுகிறான் என்று திங்கட்கிழமையே விட்டுவிட்டாள். தினம் நாலு வரி எழுதினால்தான் வேற்று மொழி வசப்படும் என்று அவளே தொடங்கிய வலைப்பூ. யார் எழுதினாலும் உடனே பதில் போட்டு உற்சாகப்படுத்திவிடுவாள். பயந்தாங்கொள்ளிகூட அதில் தேறிவிடும் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வாரப் பாடம், வழி சொல்வது. மாதிரிக்கு அவள் தன் வீட்டையே எழுதிப் போட்டிருந்தாள். ஏரிப் பாலம், மருந்துக்கடை, இடப்பக்கம் மூன்றாவது கட்டடம், நான்காவது மாடி, பச்சைக் கதவு.

வெள்ளிக்கிழமை நாலேகால் மணி. பிள்ளைகள் போன பிறகும் வியர்வையும் பென்சில் சீவலும் மணக்கிற கணினி அறையில், மின்விசிறி கடகடக்க, மதிப்பெண் போடுவதற்காக அந்த முப்பதாவது ஆளின் பதிவுகளை முதன்முறையாக வரிசையாகப் படித்தாள்.

'பாலத்துக்கு அடியில் இருக்கிறேன். வெகு காலமாக. இங்கே வெளிச்சம் இல்லை.'

அருமையான கற்பனை, இன்னும் எழுது என்று பதில் போட்டிருந்தாள்.

'கரை ஏறிவிட்டேன். நடக்க மறந்துபோயிருந்தது.'

சபாஷ், அடுத்து எங்கே?

'மருந்துக்கடை. நாய்கள் என்னைப் பார்த்து ஓடுகின்றன.'

நன்றாக முன்னேறுகிறாய்!

கடைசிப் பதிவு இன்று மூன்றரைக்கு வந்தது. 'பச்சைக் கதவு. உள்ளே ஒரு சிறுமி. திறக்க மாட்டேன் என்கிறாள். என்ன சொல்லட்டும்?'

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, பையன் கதை கட்டுவதில் கெட்டிக்காரன் என்று சிரித்துக்கொண்டே அவள் தட்டியிருந்தாள்: அம்மாவின் மாணவன் என்று சொல், திறப்பாள்.

தனக்கு மகள் இருப்பதை அவள் வகுப்பில் சொன்னதே இல்லை.

ஐயோ. ஒன்பது வயசுக் குழந்தை. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து, அவள் போகும்வரை தனியாக இருக்கும். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, உன் ஸ்டூடண்ட் வந்திருக்காங்க."

"கதவைத் திறந்துட்டியாடி?"

"மொதல்ல மாட்டேன்னுட்டேன். அப்புறம் உன்கிட்ட படிக்கிறேன்னாங்க. திக்கித் திக்கி பிரெஞ்சுலதான் பேசுறாங்க. பாவம்மா, தொப்பலா நனைஞ்சிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். ஒரு வாரமாகவே பொட்டு மழை இல்லை.

"கண்ணு, அம்மா சொல்றதக் கேளு. எதிர் வீட்டுக்கு ஓடு. இப்பவே."

போனில் தண்ணீர் சொட்டும் சத்தம். மூச்சு. மகளுடையது அல்ல.

"கைய விட மாட்டேங்கிறாங்கம்மா."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் எழுந்தாள்.

திரையில் புதுப் பதிவு. படத்துடன்.

'எனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள்.'

அவர்கள் சாப்பாட்டு மேசை. பள்ளிச் சீருடையில் மகள், நேராக உட்கார்ந்திருந்தாள். கன்னத்தோடு ஒட்டிய ஈர முடி. மணிக்கட்டைச் சுற்றி ஊறிப்போன ஐந்து விரல்கள். குழந்தையின் வாய் திறந்திருந்தது. உதடுவரை கறுப்புத் தண்ணீர்.