இடஞ்சுழி

கிழங்கு தோண்டப் போன தீர்த்தகிரி இரண்டு நாள் கழித்துச் சித்தேரி மலைக்காட்டிலிருந்து திரும்பியபோது அவன் மேல் பீடி நாற்றம் இல்லை. ராமக்காவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் திட்டியும் விடாத பீடி. அதற்குப் பதிலாக, வெயில் படாத மண்ணைக் கிளறினால் வருமே, அந்தக் குளிர்ந்த வாசனை.

"எங்க போயிட்டீங்க? புள்ள அழுது அழுது ஓஞ்சுட்டா."

"காட்டுல."

உயிரோடு வந்தானே, அது போதும் என்று இருந்தது அவளுக்கு. மறுநாள் காலை வாசலில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். முடிக்குள் அளைந்துகொண்டு போன விரல் உச்சியில் நின்றுவிட்டது. சுழி இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

ராமக்காவுக்குச் செடிகொடி விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஊர்ப் பெண்கள் பறித்த கீரையை முந்தானையில் கொண்டுவந்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் உலை வைப்பார்கள். இலையைக் கசக்கி மோந்து, காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்து, பூ என்ன நிறம் என்று கேட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பாள். கிழங்குக் கொடியில் மட்டும் இலையை நம்பினால் போச்சு. நல்ல கொடிக்கும் கசப்புக் கொடிக்கும் வெற்றிலை மாதிரி ஒரே இலை. நல்லது வலப்பக்கம் சுற்றி மரம் ஏறும். மற்றது இடப்பக்கம்.

இத்தனை வருஷம் அவள் எண்ணெய் வைத்த தலைக்கு வலஞ்சுழி.

"கெழங்கு எடுத்த குழிய மூடினீங்களா?" என்று கேட்டாள். கொடியின் அடித்துண்டைத் திரும்ப நட்டு, மண் தள்ளி மூடிவிட்டுத்தான் வரவேண்டும். குழியைத் திறந்து போட்டால் காடே எதையாவது நட்டுக்கொள்ளும் என்று மலையில் சொல்வார்கள்.

"மறந்துட்டேன்" என்றான். "பரவால்ல புள்ள. குழி இப்பக் காலியா இல்ல."

அன்று அவள் மகள் குள்ளம்மாளைக் கண்ணை விட்டு நகரவிடவில்லை. மத்தியானம் குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், அவன் எங்கோ வெறித்துப் பார்த்தபடி வேலியோரம் நின்றிருந்தான். ஓடிப் போய் ஓடி வந்துவிடலாம் என்று ஊற்றுக்குப் போனாள்.

திரும்பி வந்தாள். பாயில் பிள்ளை இல்லை. வேலியோரம் அவனும் இல்லை.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். முள் கிழித்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காட்டுத்தடத்தில் எதிரே வந்தார்கள், கை கோத்தபடி.

"எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"பூ காட்ட."

பிள்ளையின் நகக்கண்ணெல்லாம் மண். வெடுக்கென்று பிடுங்கித் தூக்கிக்கொண்டு கீழ்ச்சாலைக்கு ஓடினாள். அவன் துரத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சாமை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் முனிராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரூர் வரைக்கும் போவும், ஏறுக்கா" என்றான்.

மூட்டைமேல் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எதற்குப் பார்க்கணும்? பெற்றவளுக்குத் தெரியாதா? அரூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டால் போதும். தப்பித்தோம் என்று வாய்விட்டே அழுதாள்.

லாரி வளைவில் திரும்பியது. இடப்பக்கம் அடித்த சாயங்கால வெயில் வலப்பக்கம் மாறியது. தூங்கிக்கொண்டிருந்த குள்ளம்மாளின் முகம், கண் திறக்காமல், மெல்ல வலப்பக்கம் திரும்பியது.

வண்டிக் குலுக்கல்.

அடுத்த வளைவு. வெயில் இந்தப் பக்கம். முகமும் இந்தப் பக்கம்.

மூன்றாவது வளைவு வருமுன் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லாரி திரும்பியது. அவள் கைகளுக்குள் அந்தச் சின்னத் தலை, அவசரமே இல்லாமல், வெயிலைத் தேடித் திரும்பிக்கொண்டிருந்தது.