நான்காவது கிண்ணம்

குட்டியின் அம்மா நடத்தும் போட்டோ ஸ்டூடியோ மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

அம்மா எடுக்கும் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. உள்ளே நான்கு டிஸ்குகள். அதில் ஒன்று கெட்டுவிட்டது. சாயங்காலம் கல்யாணப் பெண் தன் கல்யாணப் படங்களைப் பார்க்க வருகிறாள். கேமராவில் இருந்ததை அம்மா அழித்தாயிற்று. வெளியே படம் எடுக்கப் போன அம்மாவோ போனை எடுக்கவில்லை.

"குட்டி, காலையில நான்தான் அதைத் தூசி தட்டினேன். என்னாலதான் கெட்டுப்போச்சு. அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா" என்றாள் சித்தி. கண்ணில் நீர் முட்டியது.

ஒரு பொட்டுத் தூசியையும் சித்தியால் பொறுக்க முடியாது. எதற்கும் அவளிடம் ஒரே வைத்தியம்தான்.

"நாலையும் கழட்டி, நல்லா துடைச்சு மாட்டிடறேன். சரியாயிடும்."

"ஐயோ சித்தி, வேண்டாம்!" குட்டி குறுக்கே போய் நின்றாள்.

"நகருடி."

அழுகிறவளிடம் கத்தி என்ன பயன்? குட்டி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். நான்கு கிண்ணங்களையும் கொஞ்சம் சட்டைப் பொத்தான்களையும் கொண்டுவந்தாள்.

"விளையாடற நேரமா இது?"

"ஒரே ஆட்டம் சித்தி. மூணு கிண்ணத்துல உன் இஷ்டம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பொத்தான் போடலாம், போடாமலும் விடலாம். நாலாவதுல மட்டும் உன் இஷ்டம் இல்ல. அந்த மூணோட மொத்தம் இரட்டைப்படையா இருந்தா அது காலி. ஒற்றைப்படையா இருந்தா அதுல ஒண்ணு போடு. அப்புறம் ஏதாவது ஒரு கிண்ணத்தை மூடிடு."

குட்டி சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் பொத்தான்கள் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மூன்றாவது கிண்ணத்தின் மேல் ஒரு தட்டு.

"மூணு பொத்தான் தெரியுது. மொத்தம் இரட்டைப்படையா வரணும். அப்போ மூடினதுல ஒண்ணு இருக்கு."

சித்தி தட்டை எடுத்தாள். இருந்தது!

"திருட்டுத்தனமா பார்த்தியா?"

மறுபடி ஆடினார்கள். குட்டி மறுபடியும் சரியாகச் சொன்னாள்.

"இப்போ ரெண்டை மூடு சித்தி."

மூடினாள். குட்டி உதட்டைப் பிதுக்கினாள். "தெரியாது. இதுலயும் இருக்கலாம், அதுலயும் இருக்கலாம்."

"அதுக்கு?"

"பெட்டியும் இப்படித்தான். படங்களோட இந்தக் கணக்கையும் வச்சிருக்கு. ஒரு டிஸ்க் போனா, மத்த மூணை வச்சுக் கண்டுபிடிச்சிடும். நீ இன்னொண்ணைக் கழட்டினா அதுக்கும் தெரியாது."

சித்தி துணியை மெல்ல மேசைமேல் வைத்தாள். அம்மா வரும்வரை இருவரும் பெட்டிப் பக்கமே போகவில்லை.

அம்மா வந்து, கெட்டுப்போன டிஸ்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள்.

"தூசி தட்டினதுக்கா அழுதே? அதுக்கு வயசாயிடுச்சுடி."

"இவ தடுக்கலைன்னா நாலையும் கழட்டியிருப்பேன்க்கா."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பெண் வந்தபோதும் பெட்டி புது டிஸ்கை நிரப்பக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஐயையோ, இதுல என் கண்ணு மூடியிருக்கே!" என்றாள் பெண்.

"மூடியிருந்தா என்னம்மா?" என்றாள் சித்தி. "படம் இருக்கே!"