ஒப்புக்கொள்பவர் கையெழுத்து

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நோய் இருக்குன்னு முத்திரைத்தாள்ல எழுதணுமாம்! லே நார்மன், கேட்டியா ஒம் பொண்டாட்டி பேசுத பேச்ச?"

புனேயின் கட்கியில் அந்த வீட்டில் அன்று காலை அவல் போஹா தாளிக்கிற வாசனைக்கு முன்னால் கரோலினின் குரல்தான் எழுந்தது. நார்மனின் அக்காள். கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து இருந்துகொண்டவள். வந்த நாளிலிருந்து அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். சாகண் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட்டையே மேய்க்கிற நார்மனுக்கு, அக்காளுக்கு எதிரே மட்டும் வாயில் கொழுக்கட்டை!

மறுநாள் அவன் மகள் ரியா காலேஜில் சேர டேராடூன் புறப்படுகிறாள். ஹாஸ்டலில் ஒரு பத்திரம் கேட்டிருந்தார்கள். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் விழுந்தால் ஆஸ்பத்திரி யாரிடம் பேசலாம், யார் முடிவு சொல்லலாம் என்று பிள்ளையே எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே நோய் இருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும்.

ரியாவுக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது, சர்ச்சுக்கும் தெரியாது. வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து கட்டுவான் என்று கரோலின் மூடி வைத்த சங்கதி அது.

நார்மனின் மனைவி சத்தியவதி அடுப்பை அணைத்தாள். "மைனி, எழுதலைன்னா அங்க ஒருத்தருக்கும் தெரியாதே... ரூம்ல விழுந்து கெடந்தா, இவளுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு டாக்டருக்கு யாரு சொல்லுவா?"

"பயணம் போற பிள்ளையப் பாத்து 'விழுந்து கெடந்தா'ன்னு சொல்லுதியே! ஒன் வாயில நல்லதே வராதா? பெத்திருந்தால்லா வரும்!"

சத்தியவதிக்குச் சுருக்கென்றது. ரியாவைப் பெற்றவள் கண்ணை மூடியபோது குழந்தைக்கு மூன்று வயது. அடுத்த வருஷம் நார்மனைக் கட்டிக்கொண்டு வந்தவள் இவள். பிள்ளைக்கு முதல் வலிப்பு வந்ததுமே கன்டோன்மென்ட் பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டாள். தனக்கென்று ஒன்று பிறந்தால் ரியாவைப் பார்க்க ஆளிருக்காதே என்று அதையும் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது தள்ளியே போய்விட்டது.

இத்தனைக்கும் அவளுக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? எதற்கெடுத்தாலும் 'வேண்டாம்' சொல்கிற சித்தி! நீச்சல் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், சிங்ககட் கோட்டை டூர் வேண்டாம். தடுக்கிற பழி இவளுக்கு, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிற பேர் அத்தைக்கு. வலிப்பு தெளிந்து எழுந்தால் ரியாவுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. யார் மடியில் கிடந்தோம் என்பதும்தான்.

ரியா பெட்டியைப் படாரென்று சாத்தினாள். "பஸ் கரோ, போதும் சித்தி! ஃபர்ஸ்ட் டேயே எல்லாரும் என்னை பேஷண்ட் மாதிரி பாக்கணுமா? நான் ஃப்ரீயா இருந்தா உனக்குப் பிடிக்காது. அதான்!"

"அப்படிக் கேளு தங்கம்! நான் எம் பேருக்கு டைப் அடிச்சு வாங்கியாச்சு. நோய் கீய் ஒண்ணும் அதுல கெடையாது," என்றாள் கரோலின்.

சத்தியவதி கணவனைப் பார்த்தாள். அவன் ஷூவைப் பார்த்தான். "அக்கா சொல்லுதபடியே செஞ்சிருவோமே..." என்று முத்தை உதிர்த்தான்.

"எம் பேரு வேண்டாம்... வலிப்ப மட்டும் எழுதுங்க. ஒங்க கால்ல விழுதேன் மைனி!" என்று நிஜமாகவே விழுந்துவிட்டாள் அவள். கரோலின் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நடிப்பப் பாரு!"

சிவாஜிநகர் கோர்ட் வாசலில் மழை கொட்டியது. தகரக் கொட்டகைக்குள் மேஜை போட்டிருந்த நோட்டரி ஒரு மராத்தி அம்மாள். தாளைப் படித்துவிட்டு இந்தியில் ரியாவிடம் கேட்டாள்: "உன் இஷ்டம்தானே? இது நீ கொடுக்கிற அதிகாரம், உன் அப்பாகூட உனக்காகச் சொல்ல முடியாது." ரியா தலையாட்டினாள்.

நோட்டரி கரோலின் பக்கம் தாளைத் திருப்பினாள். "ஒப்புக்கொள்பவர் இங்கே. எந்த நேரம் கூப்பிட்டாலும் போவேன், ஆபரேஷன் என்றாலும் முடிவு சொல்வேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறது. நோய் எதையாவது மறைத்திருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்."

கரோலின் பேனாவைக் கீழே வைத்தாள். "பொறுப்புன்னா...? லே நார்மன், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கேஸு எம்மேலயா வரும்? டேராடூன் என்ன அடுத்த தெருவா? எனக்கு முட்டு வலி வேற... பேரு எம் பேரே இருக்கட்டும். பொறுப்புக் கையெழுத்த இவ போடட்டும்!"

சத்தியவதி மறு பேச்சில்லாமல் பேனாவை எடுத்தாள். "எங்க போடணும்? காட்டுங்க."

"சித்தி... அதுல உன் பேரே இல்ல!" என்றாள் ரியா.

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போடற?"

"யாராவது வாறேன்னு எழுதிக் குடுத்தாத்தானட்டி ஒன்னச் சேப்பாவ?"

ரியா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஃபிட்ஸ் வர்றப்பல்லாம் நீங்கதானே கூட இருந்தீங்க? அப்படித்தானே எங்கிட்ட சொல்லியிருக்கீங்க? இப்ப மட்டும் ஏன் பயம்?"

கரோலின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நார்மன்தான் பதில் சொன்னான். "அக்காவுக்கு அதக் கண்டாலே பயம், ரியா. கதவச் சாத்திக்கிடும். ஒரு தடவகூட உள்ள வந்ததில்ல. சத்யாதான்... எப்பவும் சத்யாதான். நான் பாவி, வாயத் திறக்கல."

"வளத்த அக்காவ நடுத்தெருவுல வச்சு அவமானப்படுத்துதியாலே? நான் இப்பமே விமான் நகருக்கு மகன் வீட்டுக்குப் போறேன்!"

"நில்லுக்கா, ரிக்ஷா பிடிச்சுத் தாறேன்," என்றான் நார்மன். அக்காளுக்கு அவன் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான்!

ரியா அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தாள். புதுத் தாளில் வலிப்பு ஏறியது, ஒத்துக்காத மருந்தின் பேர் ஏறியது, அத்தை பேர் இருந்த இடத்தில் சித்தியின் பேர் ஏறியது. "உறவு?" என்று கேட்டாள் நோட்டரி.

"மதர்," என்றாள் ரியா.

"வேண்டாம். ஸ்டெப் மதர்னு போடுங்க," என்றாள் சத்தியவதி.

ரியா அவள் பக்கம் திரும்பினாள். "இன்னும் கோவமா?"

"கோவம் இல்லாமலா? இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி? ஆனா இது அதுக்கில்ல. பேப்பர்ல ஒண்ணு, ஒன் பர்த் சர்டிபிகேட்ல ஒண்ணு இருந்தா, நீ யாருன்னு கேட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திருவான். நீ உள்ள கெடக்கும்போது நான் வெளிய நிக்க மாட்டேன்!"

ரியா கையெழுத்துப் போட்டுவிட்டு விசும்பிக்கொண்டே பேனாவை நீட்டினாள். சத்தியவதி வாங்கிக்கொண்டாள். அழுதால் கை நடுங்கும், கோணலாக விழுந்தால் பத்திரம் செல்லாது என்று யாராவது சொல்லிவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரை நிதானமாக எழுதி முடித்தாள். நோட்டரி முத்திரையை ஓங்கி வைத்த பிறகுதான், மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கோர்ட் வாசல் கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதாள்.