அறுந்த நுனி

வைப்பாறு கடலில் கலக்கும் இடத்துப் பழைய பாலத்தில் சாம்சன் மினி லாரியை நிறுத்தியபோது, அவன் மனைவி ஜெயசித்ரா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு ராஜபாளையத்து நூல் மில்லில் ஷிப்ட். அவளுக்கு மீனும் வேண்டாம், கடலும் வேண்டாம். கட்டையைச் சாய்க்க ஓரிடம் கிடைத்தால் போதும். மகள் பொன்மணிதான் தூண்டில் தூண்டில் என்று உயிரை எடுத்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. சேறும் உப்பும் கலந்த வாடை. நழுவாமலிருக்கத் தூண்டிலின் தங்கூஸ் நைலான் நூலை மகளின் மணிக்கட்டில் சுற்றிவிட்டு, சாம்சன் கொக்கியில் இறாலைக் குத்திக் கொடுத்தான்.

செத்த நேரத்தில் நூல் வெட்டி இழுத்து அறுந்தது.

"அம்மா, கட்டிக் குடு."

மில்லில் அவளுக்கு அதுதான் வேலை. கோன் என்னும் கூம்பில் சுற்றும் நூல் அறுந்தால் இரண்டு நுனிகளையும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். கண் தூங்கினாலும் கை போட்டுவிடும். அவள் இறங்கி வந்து சாய்ந்திருந்த கைப்பிடிச் சுவரில் ஈரமாக ஒரு நுனி கிடந்தது. எடுத்தாள், மகளின் நூலோடு கட்டினாள், மறுபடி கண்ணை மூடினாள்.

"ஏட்டி, என்னத்தக் கட்டுன?" சாம்சனின் குரல் அடங்கியிருந்தது. "நம்ம நுனி தண்ணியோட போயிட்டுல்லா. இது கீழ இருந்து வருது."

எட்டிப் பார்த்தாள். அந்த நூல் தூணை ஒட்டி நேரே தண்ணீருக்குள் இறங்கியது.

"கீழ யாரோ பிடிச்சிருக்காவ," என்றாள் பொன்மணி.

நூல் இறுகியது.

மீனென்றால் வெட்டி வெட்டி இழுக்கும். இது நிதானமாக, கோன் சுற்றும் வேகத்தில், விடாமல் இழுத்தது. பொன்மணியின் கால்கள் தரையைவிட்டு எழும்பின. ஜெயசித்ரா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாம்சன் பிளேடால் நூலை அறுத்தான். மணிக்கட்டில் மிச்சமிருந்ததையும் அவிழ்த்து ஆற்றில் எறிந்தான்.

லாரியை எங்கும் நிறுத்தாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் இரவு ஷிப்டுக்கு லீவு கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டுப் பயந்துகொண்டே போனாள். காலையில் திரும்பியபோது, வாசற்படியில் காலில் ஏதோ ஈரமாகத் தட்டியது.

தங்கூஸ் நூல்.

ஒரு பக்கம் காய்ந்த தெருவோடு கிழக்கே, கடல் இருக்கும் திசையில் போயிருந்தது. மறுபக்கம் கதவிடுக்கில் நுழைந்து, சாம்சனைத் தாண்டி, உறங்கும் பொன்மணியின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. வீடு முழுக்கச் சேற்று வாடை.

"ஏசப்பா, எம் பிள்ளைய விட்டுரச் சொல்லு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். உடம்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஒரு நொடிதான் கண் அசந்திருக்கும்.

"அம்மா," பொன்மணி கிசுகிசுத்தாள். "எதுக்கும்மா மறுபடி கட்டுத?"

குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் அப்போதுதான் முடிச்சை இறுக்கியிருந்தன.

கிழக்கே யாரோ சுற்றத் தொடங்கினார்கள்.