கல் வைத்து அடைத்த வீடு

கூடத்துத் தரையில் முதல் கட்டையைப் பெயர்த்ததுமே அடியிலிருந்து மஞ்சள் வெளிச்சம் எழும்பி வந்தது. அங்கே வெறும் மண்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டைக் கட்டியவள் காமினி. அஸ்திவாரம் தோண்டியதும் அவள்தான். கணினித் திரைக்குள் கட்டை கட்டையாய் அடுக்கி உண்டாக்கிய வீடுதான் என்றாலும், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில், கடல் பக்கமிருந்து வந்த மழை பால்கனிக் கதவில் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் யாரோ நெத்திலி பொரிக்கும் வாசனையும் ஈரத் துணியின் புழுக்கமும் அறைக்குள் கலந்து நின்றன. விளக்குகூடப் போடாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த விளையாட்டு உலகத்தை விளையாடுவதற்காக அவள் திறக்கவில்லை. தன் கையால் கட்டியது ஒன்றுகூட மிச்சமில்லாமல் இடித்துப் போட்டுவிட்டு வெளியேறத்தான் திறந்தாள்.

அந்த உலகத்துக்குள் நுழைய இரண்டே பேரால்தான் முடியும். அவளும், நிபோங் திபாலில் அம்மாவோடு இருந்த தம்பி கோகிலனும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அவள் கடல் தாண்டித் தீவுக்கு வந்த பிறகு, சனிக்கிழமைதோறும் அக்காவும் தம்பியும் சந்தித்துக்கொண்டது அதற்குள்தான். ஏழு வருஷம். பாலம் போட்டார்கள், கோட்டை கட்டினார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அம்மா தன் அறையில் விழுந்தாள். அடுத்த அறையில் கோகிலன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதே விளையாட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. கிடந்த கிடையிலேயே கைப்பேசியை இழுத்து அவனுக்கு அடித்தாள். பதினோரு முறை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு நூர் பீவி வந்து பார்த்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், புறங்கையில் ஊசியோடு, மூக்கடைத்த மூச்சோடு. அவ்வளவுதான். காரியம் முடிந்த அன்று, "அடிச்சது தெரியலக்கா" என்றான் கோகிலன். அன்றிலிருந்து காமினி அவனோடு பேசவில்லை.

இப்போது இந்த வெளிச்சம்.

"என் வீட்டுக்கு அடியில தோண்டியிருக்கியா?" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் துக்கத்தில் கிடந்த மூன்று மாதமும் இவன் இங்கே வந்து, அவள் வீட்டுக்குக் கீழேயே வளை பறித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மேலும் இரண்டு கட்டைகளைப் பெயர்த்தாள். படிகள் தெரிந்தன. இறங்கினாள்.

படிகள் நீண்டுகொண்டே போயின. இரண்டு பக்கமும் மொட்டைக் கருங்கல். நாலு படிக்கு ஒரு தீப்பந்தம். ஸ்பீக்கரில் அவளுடைய காலடி ஓசையும், தூரத்தில் எங்கோ நீர் சொட்டும் ஓசையும், அதற்கும் அடியில் யாரோ மூக்கடைத்து மூச்சு விடுவதைப்போல ஓர் இழுப்பும் கேட்டன. அந்த இழுப்பு விளையாட்டில் கிடையாது. மழையாக இருக்கும் என்று நினைத்தாள். படிகள் முடிந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. தள்ளினாள்.

நிபோங் திபால் வீடு.

மாதிரி என்று சொல்ல முடியாது. அதே வீடு. முன்கூடம், இடது பக்கம் அம்மாவின் அறை, அதை ஒட்டிக் கோகிலனின் அறை, பின்னால் சமையல்கட்டு, குளியலறையில் சிமெண்ட் தொட்டி. எல்லாமே சரியான அளவு. சாமி படம் மாட்டியிருந்த சுவரில் ஒற்றைக் கட்டை மட்டும் பள்ளமாக விடப்பட்டிருந்தது. அம்மாவின் அறையில் சிவப்புக் கட்டில். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, அம்மா விழுந்து கிடந்த அதே இடத்தில், தரையில் வெள்ளைக் கட்டைகள் இரண்டு, நீளவாக்கில்.

காமினிக்குக் கண் இருட்டியது. பயத்தால் அல்ல. அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"இத வச்சும் விளையாடுறியாடா?"

அவளிடம் கருங்கல் நிறைய இருந்தது. மேலே கோட்டைக்காக வெட்டி வைத்தது. அம்மாவின் அறையிலிருந்தே தொடங்கினாள். தரையிலிருந்து கூரை வரை, ஓர் இடுக்குகூட விடாமல், கல் மேல் கல். டொக். டொக். டொக். இந்த வீட்டை இனி யாரும் பார்க்கக் கூடாது. அவன் கட்டினதை அவனாலேயே திறக்க முடியாதபடி அடைத்துவிட வேண்டும்.

அம்மாவின் அறைக் கதவில் கடைசிக் கல்லை வைத்தபோது கைப்பேசி அடித்தது. கோகிலன். மூன்று மாதத்தில் முதல் முறை.

அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது. அடிக்கட்டும். அடித்தால் எடுக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். பதினொன்று ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

குரல் செய்தி ஒன்று வந்தது. கல் வைப்பதை நிறுத்தாமலே போட்டுக் கேட்டாள்.

"அக்கா, அம்மா ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. பூட்டெல்லாம் இல்ல. உள்ளருந்து என்னமோ அடைச்சிருக்கு. ஒரு தடவ போன் பண்ணுக்கா."

"அம்மா பேரச் சொன்னா எடுத்துருவேன்னு நெனப்பு," என்றாள் காமினி. எங்கேயோ மறைந்து நின்று அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

அதனால் என்ன. சமையல்கட்டுக்குப் போனாள்.

மூன்று. நான்கு. ஐந்து. விரல் விட்டு எண்ணிக்கொண்டே அடுக்கினாள். ஆறாவது அழைப்பு ஓய்ந்ததும் அடுத்த செய்தி வந்தது.

"கிச்சன்ல சுவர் வருதுக்கா. கல்லு. தானா வருது லா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கேக்குதா? கேளு..."

கேட்டது. அவன் குரலுக்குப் பின்னால், மெதுவாக, சீராக. டொக். டொக்.

காமினியின் விரல் ஒரு கணம் நின்றது. செய்தியிலும் அந்த ஓசை நின்றது.

தற்செயல். அல்லது பதிவு செய்து சேர்த்திருப்பான். இதற்கெல்லாம் அவனுக்கு நேரம் இருக்கும். அம்மா கூப்பிட்டால் கேட்கத்தான் நேரம் இருக்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்கூடத்தை அடைத்தாள். வாசல் கதவை அடைத்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

"விளையாடலக்கா. அந்த உலகத்துக்குள்ள அன்னியிலருந்து நான் போகவே இல்ல. அம்மா மேல சத்தியமா. வாசல் போச்சு. என் ரூம் மட்டுந்தான் இருக்கு. எடுக்கா. எடு."

அம்மா மேல சத்தியமா. அந்தச் சொல்தான் அவளுக்கு வெறியேற்றியது. அவன் அறைக்குள் கல்லைக் கொட்டுவதைப்போல அடுக்கினாள். மூலை. மேஜை. கட்டில். கைப்பேசி மேஜையில் அதிர்ந்து நகர்ந்தது. பத்து. கூரைக்கு அடியில் ஒரே ஒரு கட்டைக்கு இடம். வைத்தாள்.

டொக்.

கைப்பேசி நின்றது.

அவள் காத்திருந்தாள். பதினொன்றாவது வந்தால் எடுப்பாள். எடுத்துக் காது கிழியத் திட்டுவாள். மூன்று மாதமாக எழுதி எழுதி வைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன.

மழை விட்டது. நெத்திலி வாசனை போய்விட்டது.

பதினொன்றாவது வரவில்லை.

அவளே அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. திரையில் பிக்காசை எடுத்து, தான் வைத்த கல்லைத் தானே உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை. பிக்காசு தேய்ந்து முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது. ஸ்பீக்கரில் அந்த மூச்சிழுப்பு மட்டும் இருந்தது. வெளியே இப்போது மழை இல்லை.

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கடல் பாலத்தைத் தாண்டியது அவளுக்கு நினைவில்லை. நிபோங் திபால் வந்தபோது மணி ஆறரை. செம்பனைத் தோட்டத்துக்கு மேலே வானம் இன்னும் வெளுத்திருந்தது. வீட்டு வாசலில் நூர் பீவி தலைத்துணியை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் ஹைருல் கையில் சம்மட்டி.

"காமினி... தம்பி சத்தம் போட்டுச்சும்மா. ஓடி வந்து கதவத் திறந்தோம்." நூர் பீவி வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

வாசல் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கல். நிலைக்கு நிலை, மேலிருந்து கீழ்வரை, சதுரம் சதுரமாகக் கருங்கல். பூச்சு இல்லை. இடுக்கு இல்லை. ஹைருல் ஓங்கி அடித்தான். தீப்பொறி பறந்தது. கீறல்கூட விழவில்லை.

காமினி வீட்டைச் சுற்றி ஓடினாள். சமையல்கட்டு ஜன்னல். கல். அம்மா அறை ஜன்னல். கல். கண்ணாடித் தகடுகளை உள்ளிருந்து அழுத்திக்கொண்டு நின்றது.

கோகிலன் அறை.

அங்கேயும் கல்தான். ஆனால் கடைசித் தகட்டுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு. அந்த இருட்டிலிருந்து நான்கு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நகங்களில் ரத்தம். அசைந்துகொண்டிருந்தன.

பூந்தொட்டியைக் கவிழ்த்து ஏறினாள். அந்த விரல்களைப் பிடித்தாள். சூடாக இருந்தன. அவையும் அவளைப் பிடித்தன.

"கோகி. வந்துட்டேன்டா. அக்கா வந்துட்டேன். விடாத."

பிடி இறுகியது. உள்ளே ஏதோ சொல்ல முயன்றான்.

அப்போது அதே இருட்டிலிருந்து இன்னொரு கை வந்தது. மெலிந்த கை. சுருக்கம் விழுந்த புறங்கையில், ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி இன்னும் உரியாமல் இருந்தது. அது அவசரப்படவில்லை. காமினியின் பிடியிலிருந்து தம்பியின் விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே எடுத்துக்கொண்டது.