மரை எந்தப் பக்கம்?

பிரஷாந்தன் தன் வீட்டுக் கராஜில் மல்லாந்து கிடந்தான்.

நெஞ்சின் இடப்பக்கம் ஓர் அம்பு. இறகு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மெல்பேர்ன், கிளென் வேவர்லியில் காலை பத்து மணி. நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொலிஸ் கூப்பிட்டு வந்திருந்த குடும்ப நண்பர் சிவமணிக்கு எழுபத்திரண்டு வயது. மெல்பேர்ன் இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மாடு உரித்தவர். அதற்கு முன்னால் முல்லைத்தீவுக் காட்டில் வேட்டை. இரத்தம் அவருக்குப் புதிதில்லை.

செத்தவனைப் பார்த்து அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

வீட்டுக் கூடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். எதிரே டிடெக்டிவ், ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் பிரஷாந்தனின் மனைவி சயந்தினி. கண் சிவந்திருந்தது. வலது பெருவிரலில் பிளாஸ்டர். நடுவில் மேசை. மேசையில் ஒரு போன்.

போன் தமிழில் பேசியது.

"ஐயா வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் நாகலட்சுமி. அங்க யார் என்ன பேசினாலும் அப்படியே மொழிபெயர்ப்பேன். எதையும் விட மாட்டேன். எதையும் சேர்க்க மாட்டேன்."

"நீர் இந்தியாவோ, தங்கச்சி?"

"ஆமா. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க ஐயா."

"இதையும் மொழிபெயர்த்திட்டீரோ?"

"மொழிபெயர்த்துட்டேன்."

சயந்தினி இங்கிலீஷில் ஏதோ பொரிந்து தள்ளினாள். போன் அதைத் தமிழாக்கியது.

"இருக்கிறதிலேயே பலமான கிராஸ்போ வில்லை வாங்க வச்சது நீங்கதானாம். அம்பை ஏத்தியே வைக்கலாம்னு சொன்னதும் நீங்கதானாம். அவர் அதைச் சுவத்துல சாத்தி வச்சிருக்கார், சரிஞ்சு அம்பு பாஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. அவங்க அந்தச் சாமானைத் தொட்டதே இல்லையாம்."

சிவமணி சயந்தினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"டிடெக்டிவ் சொல்றாங்க... இது உண்மைன்னா உங்க மேல கேஸ் வரும். ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம்."

"எழுபத்திரண்டு வயசிலயோ? நல்லாயிருக்கு. நான் நடந்ததைச் சொல்லுறன். ஒண்டும் விடாமல் எழுதச் சொல்லும்."

சயந்தினி எழுந்தாள். "அங்கிளுக்குத் தேத்தண்ணி போடுறன்." குசினிக்குள் போனாள்.

சிவமணி சொல்லத் தொடங்கினார்.

போன சனிக்கிழமை. வேட்டைச் சாமான் கடை. துவக்குப் போலத் தோளில் வைத்து, விசையை அழுத்தினால் அம்பு பாயும் வில் மூன்றை மேசையில் அடுக்கினான் கடைக்காரன். பிரஷாந்தன் பொலிஸ் பெர்மிற் எல்லாம் எடுத்து வைத்திருந்தான்.

"அங்கிள், எது நல்லது?"

"என்னத்தைச் சுட? முயலையோ, மனுசனையோ?"

"பகிடி விடாதேங்கோ. மரைக்கு. போன முறையும் தப்பீட்டுது. பெரிய வில்லு வேணும்."

மரை என்றால் குதிரை மாதிரி நிற்கும் பெரிய மான். விக்டோரியா மலைக்காடுகளில் நிறைய உண்டு.

"இது நூற்றைம்பது இறாத்தல் இழுவை. இது நூற்றெழுபத்தைஞ்சு. மற்றது இருநூறு." பிரஷாந்தன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

"இறாத்தலை மட்டும் பாக்காதேயும். நாண் அம்பை எவ்வளவு தூரம் தள்ளுது, அம்பு என்ன பாரம், அதைப் பாரும். பாரமில்லாத அம்பு விலாவெலும்பில நிண்டிடும். மிருகம் மூண்டு நாள் அழுந்திச் சாகும்."

"அப்ப?"

"நடுவில இருக்கிறது காணும். முப்பது மீற்றருக்குள்ள கிட்டப் போய்ச் சுடும். போகப் பயமெண்டா வீட்டை இரும்."

பிரஷாந்தன் கேட்டால்தானே? போனைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தான். எந்த வில்லாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். சிவமணிக்கு அது அப்போதே தெரியும்.

ஏனென்றால் போன மாதம் மரையிறைச்சி என்று ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினான். கொழுப்பு மஞ்சள்! மரைக்கொழுப்பு வெள்ளையாக, மெழுகு மாதிரி இருக்கும். இது மாடு. மாட்டிறைச்சி தொடாத சைவக் குடும்பங்களுக்கெல்லாம் மாட்டிறைச்சியை மரையென்று பங்கிட்டுக் கொடுத்திருக்கிறான். சிவமணி அதைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று தரம் கை கழுவினார்.

வேட்டைக்கே போகாதவனுக்கு வில் எதற்கு? அதைப் பார்க்கத்தான் கடைக்குப் போனார்.

அப்போது அவன் போன் அடித்தது. சயந்தினி. கையில் மூன்று வெட்டும் அலகு வைத்த அம்புத்தலைப் பெட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"எது பலம் கூடவோ அதை எடுங்கோ," என்றாள் சயந்தினி. "மரை எந்தப் பக்கமெண்டு அங்கிளிட்டக் கேளுங்கோ."

"அங்கிள், மரை எந்தப் பக்கமாம்?"

"இடப்பக்கம்," என்று கத்தினார் சிவமணி. "இதுவும் தெரியாமலோ வேட்டை?"

இடப்பக்கம், முன்னங்காலுக்குப் பின்னால். இதயம் அங்கேதான்.

பிரஷாந்தன் இருநூறு இறாத்தலையே வாங்கினான். "மனிசி சொல்லீட்டா அங்கிள்."

இதுதான் நடந்தது. அவர் அம்பை ஏற்றி வைக்கச் சொன்னார் என்பது பச்சைப் பொய்.

போன் இங்கிலீஷில் பேசி முடித்தது. டிடெக்டிவ் எழுதி முடித்தாள். பிறகு போன் தமிழுக்கு மாறியது.

"ஐயா, ஒரு சந்தேகம். மரைக்குன்னு நீங்க முதல்ல சொன்னப்ப மான்னு புரிஞ்சுது. ஆனா 'மரை எந்தப் பக்கம்'ன்னு அந்தம்மா கேட்டது... ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னுதானே? நான் அப்படித்தான் சொல்லிட்டேன். தப்பா?"

சிவமணி சயந்தினி போன குசினிப் பக்கம் திரும்பினார்.

திருகாணியின் புரிக்கும் மரை என்றுதான் பெயர். அம்புத்தலை அம்பில் ஏறுவதும் மரையில்தான்.

மரையே சுடாதவனின் மனைவி மானைப் பற்றி எதற்குக் கேட்கிறாள்?

"பிழையில்லை, தங்கச்சி," என்றார் மெதுவாக. "நான்தான் பிழையா விளங்கினனான். நீர் போனை வைச்சிடாதேயும்."

கராஜிலிருந்து ஒரு பொலிஸ்காரன் கூப்பிட்டான். டிடெக்டிவ் எழுந்து போனாள். மேசையில் போன், திரை இருண்டு, சத்தமில்லாமல் கிடந்தது.

சயந்தினி தேத்தண்ணியோடு வந்தாள்.

"பிள்ளை, கோவிக்காதேயும்," என்றார் சிவமணி. "நான் ஒரு பிழை விட்டிட்டன். அண்டைக்கு மரை இடப்பக்கமெண்டு சொல்லிப்போட்டன். அம்புத்தலையை வலப்பக்கம் திருகித்தான் பூட்டவேணும்."

"இப்பதான் சொல்லுறியள்." எரிச்சலோடு கோப்பையை வைத்தாள். "காஸ் சிலிண்டர் மாதிரியாக்கும் எண்டு இடப்பக்கம் திருகித் திருகி என்ர பெருவிரல் போச்சு. வலப்பக்கம் திருகத்தானே..."

நின்றாள்.

பெருவிரலை மற்றக் கைக்குள் மூடினாள்.

"நீர் அந்தச் சாமானைத் தொட்டதே இல்லையெண்டல்லோ சொன்னனீர்?"

சயந்தினி கதிரையில் உட்கார்ந்தாள். அழுத கண் காய்ந்துவிட்டது.

"வேட்டை எண்டு அவர் போனது காட்டுக்கில்லை, அங்கிள். சிட்னிக்கு. வென்ட்வேர்த்வில்லில ஒருத்தி. வரேக்கை கடையில மாட்டை வாங்கி மரையெண்டு தருவார். நான் சமைச்சன். திண்டன். அம்மாவின்ர திவசம் முடிஞ்ச கையோட அதையும் திண்டன்."

"அதுக்குக் கொலையோ? விட்டிட்டுப் போயிருக்கலாமே."

"நான் ஏன் போகவேணும்? இது என்ர வீடு."

"என்னை உள்ளுக்குத் தள்ளவும் பாத்தனீர்."

"உங்களுக்கு இனி என்ன, வயசு போட்டுது." தோளைக் குலுக்கினாள். "இதை ஆரிட்டப் போய்ச் சொல்லப்போறியள்? உங்கட இங்கிலீஷுக்கு டிடெக்டிவ் சிரிப்பா. நாங்கள் கதைக்கிறது இஞ்ச ஆருக்கு விளங்கும்?"

"எனக்குப் புரிஞ்சுதும்மா," என்றது போன்.

சயந்தினி போனைப் பறிக்கக் கை நீட்டினாள்.

"நான் லைன்லதான் இருக்கேன்."

டிடெக்டிவ் வாசலில் நின்றாள். நாகலட்சுமி அதே தட்டையான குரலில் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தாள். வென்ட்வேர்த்வில், மாட்டிறைச்சி, திவசம்... காஸ் சிலிண்டரைக்கூட விடவில்லை.

டிடெக்டிவ் சயந்தினியின் பிளாஸ்டரைக் கழற்றச் சொன்னாள்.

பெருவிரலில் மூன்று கீறல். மூன்று அலகுக்கு மூன்று.

அவளைக் கூட்டிப் போனார்கள். சிவமணிக்குச் செத்தவனிலும் வெறுப்பு. சாகடித்தவளிலும் வெறுப்பு. அவள் போட்ட தேத்தண்ணியை அவர் தொடவில்லை.

"ஐயா, லைனை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றது போன். "மரைன்னா உங்க ஊர்ல மானா, ஸ்க்ரூவா?"

"ரெண்டும்தான், தங்கச்சி. மானெண்டா சுடவேணும். ஸ்க்ரூ எண்டா கழட்டவேணும்."

"அப்போ நீங்க இடப்பக்கம்னு சொன்னது தப்புதானே?"

சிவமணி தொப்பியை எடுத்து மாட்டினார்.

"என்ன பிழை? அவளின்ர பொய் கழண்டதும் அதாலதானே. கழட்டிறது எப்பவும் இடப்பக்கம்தான்."